முறிந்த டெனான்: பழைய பிரையர் பைப்புக்குப் புதிது கடைவது எப்படி?

கேள்வி

மாமனாரின் புகை பிடிக்கும் பைப், பிரையர் என்ற மரவேரில் செய்தது, போன வாரம் என் கையில்தான் உடைந்தது. சுத்தம் செய்து தருகிறேன் என்று நானே கேட்டு வாங்கினேன். சூடு ஆறுவதற்குள் வாய்த்தண்டை முறுக்கிக் கழற்றப் போனேன். 'டிக்' என்று ஒரு சத்தம். தண்டின் முனையில் மரத்துக்குள் செருகும் சின்னக் குழாயான டெனான் அடியோடு முறிந்து மரக் கழுத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு துண்டையும் கைக்குட்டையில் சுற்றி டிராயரில் வைத்து மூடிவிட்டார். மறுநாள் நான்தான் கேட்டு எடுத்து வந்தேன்.

கறுப்பு எபோனைட் (கெட்டி ரப்பர்) தண்டு. லேசான வளைவு, மேலே பழுப்பேறியிருக்கிறது. புதுத் தண்டே போட்டுவிடலாம் என்கிறார்கள். ஆனால் வாய் வைக்கும் இடத்தில் அவர் கடித்துக் கடித்துப் பதிந்த பல் தடம் இருக்கிறது. அதைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை.

சின்ன மேசை லேத் வைத்திருக்கிறேன். பித்தளை, அலுமினியம் கடைந்து பழக்கம். உள்ளே மாட்டியதை மரம் கீறாமல் எடுப்பது எப்படி? புது டெனானை எதில் கடைவது? அளவை எப்படிப் பிடிப்பது?

பதில் 1

பழைய தண்டையே காப்பாற்ற நினைப்பது சரி. தண்டைத் தூக்கிப்போட வேண்டிய அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

முதலில் துண்டு மாட்டியிருக்கும் மரப் பகுதியை ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வையுங்கள். மரத்தைவிட எபோனைட் அதிகம் சுருங்கும். எடுத்த உடனே, காற்றுத்துளைக்குள் நுழையும் அளவில் ஒரு மர ஸ்க்ரூவைக் கையால் மெதுவாகத் திருகுங்கள். பிடித்ததும் நேராக இழுங்கள். அதிகம் திருகினால் துண்டு விரிந்து மரக் கழுத்தைப் பிளந்துவிடும். வரவில்லையென்றால் மறுபடி ஃப்ரீசர்தான். அவசரம் கூடாது.

புது டெனானுக்கு டெல்ரின் என்ற கெட்டி பிளாஸ்டிக் ராடு வாங்குங்கள். எபோனைட்டைவிட முறிவது குறைவு, லேத்தில் வெண்ணெய் மாதிரி வெட்டும். காற்றுத்துளையை முதலில் போட்டுவிட்டு, சக்கிலிருந்து (லேத்தின் பிடி) கழற்றாமலே வெளிவிட்டத்தைக் கடையுங்கள். அப்போதுதான் இரண்டும் ஒரே மையத்தில் நிற்கும். தண்டுக்குள் போகிற பக்கத்தை 6.3 மி.மீ. அளவுக்குக் குறைத்து, அதில் நாலைந்து வளையக் காடி வெட்டுங்கள். டெல்ரினில் பசை ஒட்டாது. எபாக்சி அந்தக் காடிக்குள் இறங்கி இறுகினால்தான் பிடிக்கும்.

தண்டில் துளை போட 4, 5, 6, கடைசியாக 6.4 என்று படிப்படியாகப் போங்கள், சக்கைக் கையால் சுற்றியே. வளைந்த தண்டை சக்கில் பிடிக்க முடியாது. கொதிநீரில் போட்டால் எபோனைட் தானாக நேராகிவிடும். வேலை முடிந்ததும் மறுபடி வளைத்துக்கொள்ளலாம்.

பதில் 2

மேலே சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் மறுப்பு, ஐயா. தண்டை முழுசாகக் கொதிநீரில் போடாதீர்கள்! வளைவு நிமிர்கிற அதே காரணத்தால் பல் தடமும் மேலெழும்பி மறைந்துவிடும். எபோனைட் என்பது கந்தகம் நிறையச் சேர்த்து இறுக்கிய ரப்பர். சூடு பட்டால் வார்த்தபோது இருந்த வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். பல் தடத்தை நீக்க நினைப்பவர்கள் செய்கிற வேலையே அதுதான். நீங்கள் கேட்பது நேர் எதிர்.

வளைவை மட்டும் வெந்நீரில் காட்டுங்கள், வாய்ப்பக்கம் வெளியே ஈரத்துணிக்குள் இருக்கட்டும். உள்ளே ஒரு பைப் கிளீனரை (பஞ்சு சுற்றிய கம்பி) செருகிவிட்டால் காற்றுத்துளை நசுங்காது. பழுப்பைத் தேய்த்து எடுக்கும்போதும் தடத்துக்கு ஒரு விரலளவு முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். ஈரம் வைத்தே தேய்க்கவும், அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாது.

அளவு எடுக்கும் முன் மரத் துளையை ஆல்கஹாலால் துடையுங்கள். புகையிலைத் தார் படிந்திருந்தால் காலிப்பர் பொய் சொல்லும். துடைத்த ஈரத்தில் மரமும் கொஞ்சம் ஊதும், அதனால் ஒரு நாள் காயவிட்டு அளக்கவும். அளவு தெரிந்த ட்ரில் பிட்டுகளின் பின்முனையை ஒவ்வொன்றாக உள்ளே விட்டுப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த முறை. டெனானை மரத் துளையின் ஆழத்தைவிட அரை மி.மீ. குட்டையாக வையுங்கள். நுனி போய் முட்டினால் தண்டுக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி தெரியும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. துண்டு இரண்டாவது முறை ஃப்ரீசரில் வைத்த பிறகுதான் வந்தது. வெளியே இழுத்தபோது தார் பூசிய ஒரு சின்னக் குழாய்.

மரத் துளை வாயில் 7.9, உள்ளே 7.8 இருந்தது. டெனானை 8-க்குக் கடைந்து, 600 உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். எட்டு முறை போட்டு எடுத்துப் பார்த்திருப்பேன். கட்டைவிரல் அழுத்தத்தில் கடைசி இரண்டு மி.மீ. மட்டும் இறுகிப் போகும்போது நிறுத்திவிட்டேன். எபாக்சி காயும்வரை தண்டைப் பைப்பிலேயே செருகி வைத்தேன், நடுவே ஒரு மெழுகுத்தாள் வளையம். காற்றுத்துளைக்குள் வாசலைன் தடவிய பைப் கிளீனர்.

வளைவை நிமிர்த்தவே இல்லை. ஒரு தேக்குக் கட்டையில் தண்டின் வடிவத்துக்குப் பள்ளம் தோண்டி, அதில் கிடத்திக் கட்டி, துளையைக் கையாலேயே போட்டேன். அரை நாள் ஆனது.

நேற்று கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து இணைப்பைப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். பிறகு வாயில் வைத்தார். பல் பழைய குழியில் போய் உட்கார்ந்ததும், "இது என்னோடதுதான்" என்றார்.