உழுத வயலுக்குள் ஒரு இரும்புக் கால ஊர், சட்டம் என்ன செய்கிறது?

மண்கரை:
இங்கிலாந்தில் ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவை) வரைபடத்தில், தொல்லிடங்களுக்குப் போடும் கோதிக் எழுத்தில் ‘குடியிருப்பு’ என்று குறித்திருந்த ஒரு இரும்புக் கால இடத்தைப் பார்க்கப் போனேன். முழங்கால் உயரம்கூட இல்லாத வட்டமான மண்கரை, அதைச் சுற்றி லேசான பள்ளம், அவ்வளவுதான். பாதி புல்வெளியில் இருக்கிறது. மறுபாதியை அடுத்த வயலோடு சேர்த்து உழுதிருக்கிறார்கள், அங்கே கரையே தெரியவில்லை. பாதுகாக்கப்பட்ட தொல்சின்னம் என்றுதான் பட்டியலில் இருக்கிறது, அப்புறம் எப்படி உழ விடுகிறார்கள்? மெய்டன் காசில் மாதிரி பெரிய மலைக்கோட்டையில் இப்படி நடக்குமா?

கொழுமுனை:
1979-ஆம் வருடத் தொல்சின்னச் சட்டப்படி அனுமதி இல்லாமல் அங்கே தோண்டுவதும் மண் கொட்டுவதும் கட்டுவதும் குற்றம். ஆனால் ஏற்கெனவே உழவில் இருந்த நிலம் என்றால் பழைய ஆழத்தைத் தாண்டாமல் தொடர்ந்து உழலாம் என்று 1994 ஆணையில் விலக்கு இருக்கிறது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். சரிவான நிலத்தில் ஒவ்வொரு உழவுக்கும் மேல்மண் கொஞ்சம் கீழே வழிந்துவிடும், அதனால் அடுத்த முறை அதே ஆழத்துக்கு இறங்கும் கொழு அதுவரை தொடாத மண்ணைக் கிழிக்கும். காகிதத்தில் யாரும் விதியை மீறவில்லை, ஊர் மட்டும் கரைந்துகொண்டே இருக்கிறது.

பழமண்:
கரை போனாலும் எல்லாம் போய்விடவில்லை நண்பரே. சாலிஸ்பரி பக்கத்து லிட்டில் உட்பரி, வானிலிருந்து எடுத்த படத்தில் பயிர்த்தடமாக, அதாவது பயிரின் நிற வேறுபாடாகத் தெரிந்த இரும்புக் கால இடம். 1938, 39-இல் தொல்லியலாளர் கெர்ஹார்ட் பெர்சு அங்கே தோண்டியபோது பெரிய வட்ட வீட்டின் மரக்கம்பங்கள் நின்ற குழிகள் கிடைத்தன. அதுவரை இரும்புக் கால மக்கள் குழிகளில் வாழ்ந்தார்கள் என்றே நம்பினார்கள், அவை தானியக் குழிகள் என்று காட்டியவர் அவர். பள்ளத்தில் படிந்த மண்ணில் எலும்பும் பானை ஓடும் மட்டுமல்ல, சுண்ணாம்பு நிலமாக இருந்தால் நத்தை ஓடுகளும் இருக்கும், சுற்றிலும் காடா புல்வெளியா என்பதை அவற்றின் வகையை வைத்தே சொல்லிவிடலாம். வறட்சியான கோடையில் போய்ப் பாருங்கள், பள்ளம் இருந்த இடத்தில் மட்டும் பயிர் பச்சையாக நிற்கும்.

மண்கரை:
சரி, நான் என்ன செய்யலாம்?

கொழுமுனை:
தேதியோடு படம் எடுத்து அந்த மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கும் தொல்சின்னங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்துக்கும் அனுப்புங்கள். விவசாயியைக் குற்றவாளி ஆக்க வேண்டாம், உழவை நிறுத்திப் புல்லாக விடுவதற்கு அரசு மானியத் திட்டங்கள் உண்டு, அதைப் பற்றி அவரிடம் யாராவது உட்கார்ந்து பேச வேண்டும். அப்புறம், கூட வருகிறவர்கள் யாரும் மெட்டல் டிடெக்டர் எடுத்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டியலில் உள்ள இடத்தில் அனுமதி இல்லாமல் அதைப் பயன்படுத்துவதே குற்றம்.