ஆயிரத்தில் ஒன்று அசல், எது என்று கேட்காதே

காரைக்குடி

நியூயார்க்கின் புரூக்ளினில் இருக்கும் மிஸ்சிஃப் என்கிற கலைக் குழுவின் வேலை எதையாவது கையில் வாங்கிப் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். நான் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1954-இல் வரைந்த ‘ஃபேரீஸ்’ என்ற கோட்டோவியத்தை இவர்கள் 20,000 டாலருக்கு வாங்கி, 2021-இல் அதற்கு 999 நகல் போட்டார்கள். அசலையும் உள்ளே கலந்து, எது அசல் என்ற குறிப்பையும் அழித்துவிட்டதாகச் சொல்லி, ஒவ்வொன்றும் 250 டாலர் என்று விற்றார்கள். ஆயிரமும் போய்விட்டது. அதில் ஒன்றை வாங்கிய எங்கள் மாப்பிள்ளை லீவுக்கு வந்தபோது பெட்டியில் வைத்து எடுத்து வந்திருந்தார்.

பெரியப்பாவுக்கு முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடை. படத்தை நீட்டியதும் மனுஷர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பினார், ஓரத்தை விரலால் தடவினார், மோந்து பார்த்தார். “தாளுக்கு வயசு ஏத்தியிருக்கான். எதுல, டீத்தண்ணியிலயா?” என்றார். இல்லை, ரோபோ கையால் கோடு போட்டு, சூடும் வெளிச்சமும் ஈரமும் கொடுத்துத் தாளைப் பழசாக்கினார்கள் என்றேன். “இதுக்குப் போய் ரோபோவா!” என்று சிரித்தார்.

அவர் சிரிப்பதில் நியாயம் உண்டு. ரவிவர்மா அச்சகத்து லட்சுமி, சரஸ்வதி படங்களுக்கு ஜரிகைத் துணியும் ஜிகினாவும் தைத்துக் கண்ணாடி போட்டு மாட்டுவது நம் பக்கத்து வீடுகளில் வழக்கம். அதற்கும் இப்போது நகல் வருகிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஆஃப்செட் புள்ளிகள் வரிசை பிடித்து நிற்கும், பழைய கல்லச்சில் தாறுமாறாகக் கிடக்கும். பழைய ஜரிகை கறுத்திருக்கும், பிளாஸ்டிக் ஜிகினா இன்னும் பளபளக்கும். நகல் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு, சொல்லாமல் தள்ளிவிடுபவர்களும் உண்டு. மிஸ்சிஃப் ஊரறியச் சொல்லிவிட்டு விற்றது. அதனால்தான் அது நையாண்டி, இல்லாவிட்டால் வெறும் போலி.

படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது பெரியப்பா ஒன்று கேட்டார். “ஆயிரத்துல ஒண்ணு அசலுங்கிறான், சரி. அந்த ஒண்ணை அவன் உள்ள வைக்கவே இல்லைன்னா யாருக்குத் தெரியும்?” மாப்பிள்ளைக்கு முகமே மாறிவிட்டது.

தேவகோட்டை

அண்ணே, அதற்கு முந்தின வருஷம் செய்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டேமியன் ஹர்ஸ்ட் என்ற பிரிட்டிஷ் கலைஞரின் வண்ணப் புள்ளி அச்சுப்படம் ஒன்றை 30,000 டாலருக்கு வாங்கி, 88 புள்ளிகளையும் தனித்தனியாக வெட்டி, ஒன்று 480 டாலர் என்று விற்றார்கள். ஓட்டை ஓட்டையாக மிஞ்சிய தாள் ஏலத்தில் 2,61,400 டாலருக்குப் போனது. புள்ளிகள் எல்லாம் சேர்ந்தே 42,240 தான்!

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பங்காளிகள் ஒத்துவராமல் எங்கள் ஐயா வீட்டைப் பிரித்து விற்றபோது கூடவே நின்றவன் நான். முதலில் போனது முகப்பு நிலைக்கதவு, மேலே கஜலட்சுமி செதுக்கியது. கடப்பாரை போட்டதும் பக்கத்துச் சுவர்ப்பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்பு, தரையில் கிடந்த துண்டில்கூட மெருகு போகவில்லை. அப்புறம் வளவு என்கிற உள்முற்றத்துத் தேக்குத் தூண்கள், பெல்ஜியம் கண்ணாடி, கடைசியில் எனாமல் தூக்குச்சட்டி வரை லாரி ஏறியது. ஒரு தூண் ஏதோ ஹோட்டல் ரிசப்ஷனில் நிற்பதாகக் கேள்வி.

ஆனால் நியூயார்க் கணக்கு இங்கே தலைகீழ். எல்லாம் பிடுங்கிய பிறகு நின்ற சுவருக்கு ஒருத்தரும் விலை சொல்லவில்லை, மனைக்குத்தான் சொன்னார்கள். இடிக்கிற கூலியையும் அதில் கழித்துக்கொண்டார்கள்.

புதுக்கோட்டைப் பக்கம்

2022 டிசம்பரில் மயாமி கலைச் சந்தையில் இவர்கள் வைத்த ஏடிஎம்மை என் தங்கை வீட்டுக்காரர் நேரில் பார்த்தார். கார்டைப் போட்டால் ஆளைப் படம் பிடித்து, கணக்கில் உள்ள தொகையோடு மேலே திரையில் வரிசைப்படுத்திக் காட்டுமாம். இவர் கார்டை எடுக்கவே இல்லை. நம் மொய் விருந்தில் மைக்கில் பெயரும் தொகையும் வாசிக்கிற அதே சங்கதிதான். இங்கே யாரும் அதைக் கலை என்று சொல்லி 75,000 டாலருக்கு விற்கவில்லை, அவ்வளவே.

கானாடுகாத்தான்

தம்பிகளா, மிஸ்சிஃப்காரர்கள் கெட்டிக்காரர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏடிஎம் நின்றதே பெரோத்தான் என்ற பெரிய கேலரியின் அரங்கில். கேலியும் அங்கேயே, கல்லாவும் அங்கேயே. ஓவியம் சொல்லித்தருகிறவள் என்ற முறையில் எனக்குக் கொரில்லா கேர்ள்ஸ் என்ற பெண் கலைஞர் குழுதான் ஒரு படி மேல். 1985-இல் நியூயார்க்கில் தொடங்கினார்கள். கொரில்லா முகமூடி, சொந்தப் பெயருக்குப் பதில் ஃப்ரீடா காலோ மாதிரி மறைந்துபோன பெண் கலைஞர்களின் பெயர். குழுவாக வெளியே வரும்போது முகமூடியைக் கழற்றுவதில்லை. மெட்ரோபாலிட்டன் மியூசியத்தின் நவீன கலைப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் கீழே, நிர்வாணப் படங்களில் 85 சதவீதம் பெண்கள் என்று 1989-இல் எண்ணிப் போட்டார்கள். விளம்பரப் பலகைக்கு என்று வரைந்ததை, கேட்ட அமைப்பே ஏற்காமல் திருப்பிவிட, பஸ்ஸில் இடம் வாடகைக்கு எடுத்து ஒட்டினார்கள்.

அந்தச் சுவரொட்டியை வகுப்பில் காட்ட முடியாது, அதிலேயே துணியில்லாமல் ஒரு பெண் படுத்திருக்கிறாள். அதனால் 1988-இல் அவர்கள் போட்ட இன்னொன்றை எடுத்துக்கொண்டேன். பெண் கலைஞராக இருப்பதில் என்னென்ன வசதி என்று கிண்டலாக அடுக்கியது. அதை வீட்டில் தமிழில் எழுதிக்கொண்டிருந்தபோது அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து கொட்டான் கூடை முடைந்துகொண்டிருந்தார். பனையோலைக்குச் சாயமேற்றிக் காயவைத்து, விளிம்புக்குப் பாசிமணி கோத்துக்கொண்டிருந்தார். கல்யாணச் சீருக்குப் போன அவர் கொட்டான்கள் எத்தனையோ, ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. கொரில்லா படத்தைக் காட்டியதும், “பொம்பளைங்க எதுக்குக் கொரங்கு வேசம் கட்டிக்கிட்டு நிக்கிறாக?” என்றார். விஷயத்தைச் சொல்லி, பட்டியலில் ஒன்றை வாசித்தேன்: எண்பது வயதுக்கு மேல் பெயர் கிடைத்தாலும் கிடைக்கலாம்.

“எனக்குத்தான் எண்பது தாண்டிருச்சே, எவன் வந்தான்?” என்று கேட்டுவிட்டு அடுத்த ஓலையை எடுத்தார்.