'லக்கி' என்று வாங்கிய ஐந்து ரூபாய்

மாட்டுங்காவாசி:
போன மாதம் மும்பை சோர் பஜார் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஏமாந்தேன். பழைய தடித்த ஐந்து ரூபாய். ஒரு பக்கம் சிங்கத் தலைகள் மேடாக. மறுபக்கம் அதே சிங்கங்கள் இடவலம் மாறி, பள்ளமாக. சேகரிப்பவர்கள் தேடும் அச்சுப் பிழைக் காசு இது. வியாபாரிகள் இதை 'லக்கி' என்பார்கள். அடித்த காசு வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லை (இன்னும் அச்சுப்படாத உலோக வட்டு) அதன்மேல் அழுந்துவதால் வருவது. 1,500 ரூபாய் கொடுத்தேன். வீட்டுத் தராசில் 9 கிராம் சரியாக நின்றது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் தாராவியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் என் மச்சானிடம் காட்டினேன். அவர் பள்ளத்தைப் பார்க்கவே இல்லை. மேட்டுப் பக்கத்தைத் திருப்பிச் சிரித்தார். "மாப்பிள்ளை, சிங்கத்துக்கு மூக்கு எங்கே?" மூக்கும் பிடரியும் சப்பையாகியிருந்தன. இரண்டு காசுகளைச் சேர்த்து வைஸ் என்னும் பட்டறை இடுக்கியில் இறுக்கினால் இரும்புத் தாடை பட்ட பக்கம் நசுங்கும். நாணயச்சாலையில் அந்தப் பக்கத்திலும் அச்சு நிற்பதால் அது கருக்கு மாறாமல் இருக்கவேண்டும். பூதக்கண்ணாடி வைத்தபோது, பள்ளத்துச் சிங்கத்துக்கு அடியில் '5' மங்கலாகத் தெரிந்தது. ஒழுங்காக அடித்து வெளிவந்த காசு! எடை சரியாக நின்றதில் என்ன வியப்பு?

செம்பூர் டீக்கடை:
கவலைப்படாதீர்கள் அண்ணா, தராசு என்னையும் குழப்பியது. கல்லாவில் ஓரம் கடித்ததுபோல் ஒரு ஸ்டீல் ரூபாய் வந்தது. 4.85 கிராம் இருக்கவேண்டியது குறைந்தது. ஆனால் அரத்தால் ராவினாலும் குறையத்தானே செய்யும்?

விடை கடிபட்ட இடத்தில் இல்லை, நேர் எதிரே இருந்தது. தகட்டில் வில்லை வெட்டும்போது முன்பே வெட்டிய ஓட்டைமேல் கத்தி விழுந்தால் பிறைபோல் ஒரு துண்டு குறையும். பிறகு விளிம்பு எழுப்பும் இயந்திரத்தில், குறைந்த இடம் வரும்போது எதிர்ப்பக்கத்துக்கு அழுத்தம் கிடைக்காது. விளிம்பு அங்கே மெலிந்துவிடும். என் காசில் அப்படியே மெலிந்திருந்தது. யாராவது பின்னால் வெட்டியிருந்தால் எதிர் விளிம்பு கொழுகொழுவென்று இருந்திருக்கும். இதைக் கண்டுபிடித்த அன்று இரண்டு தடவை பால் பொங்கி வழிந்தது தனிக் கதை.

சயான் அக்கா:
என் மகன் மையம் கழன்ற பத்து ரூபாயைக் கொண்டுவந்து "அம்மா, லட்சம் போகுமாம்" என்றான். வளையமும் நடு வில்லையும் தனித்தனி உலோகம். அச்சு அடிக்கும் அழுத்தத்தில்தான் இரண்டும் இறுகுகின்றன. வில்லை இல்லாமலே அடிபட்டிருந்தால் உலோகம் ஓட்டையின் பக்கம் வழிந்திருக்கும். இவனுடையதில் அச்சுக் கோடுகள் கத்தியால் நறுக்கியதுபோல் ஓட்டையருகே நின்றன. சுத்தியல் வேலை. தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய காசையும் கொண்டுவந்திருக்கிறான். அதற்குக் கிடைத்தது வேறு.

தாராவி பட்டறை:
இருபக்கமும் சிங்கம் மேடாகவே உள்ள காசு என்றால் கல்மேல் போட்டுப் பாருங்கள். ஒன்றைக் குடைந்து இன்னொன்றைச் செருகியதானால் 'டொக்' என்னும். விளிம்பின் உட்புறம் மயிரிழைபோல் ஒரு பொருத்து தெரியும். நானே விளையாட்டுக்கு ஒன்று செய்திருக்கிறேன், விற்கவில்லை.

செம்பூர் டீக்கடை:
ஆண்டுக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் பிழை என்று ஒருவர் 300 கேட்டார். அது ஹைதராபாத் நாணயச்சாலையின் குறி. நம் மும்பைக்கு வைர வடிவம், நொய்டாவுக்கு வட்டப் புள்ளி, கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. அந்த நட்சத்திரம் என் கல்லாவில் நிறையக் கிடக்கிறது.

மாட்டுங்காவாசி:
நேற்று அதே வியாபாரியிடம் போனேன். பணம் திரும்பாதாம், வேண்டுமானால் இன்னொரு லக்கி பாதி விலைக்குத் தருகிறாராம். வாங்கித் திருப்பிப் பார்த்தேன். இந்தச் சிங்கத்துக்கும் மூக்கில்லை.