1885ல் கித்தா (ரப்பர்) தோட்டமா?

கடைவீட்டுப் பேரன்: நம் ஊரின் முதல் தமிழ் முதலாளி வேறு யாரோ என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். சிரிப்புதான் வந்தது. எங்கள் எள்ளுத் தாத்தா 1885லேயே பினாங்கின் நிபோங் திபாலில் மளிகைக்கடை போட்டவர். கித்தாத் தோட்டத்து ஆட்களுக்கு அரிசி, உப்பு, கருவாடு எல்லாம் கடனுக்கே கொடுத்தார். மூன்று மாட்டு வண்டி ஓடியது.

பழைய கிராணி: 1885ல் கித்தாவா? தம்பி, 1877ல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்ததே 22 கன்று. மலாக்காவில் தான் சே யான் என்ற சீனர் தோட்டமாக நட்டது 1896ல். நட்ட பிறகும் பால் வெட்ட ஐந்தாறு வருசம் ஆகும். தாத்தா யாருக்குக் கடன் கொடுத்தார், கன்றுகளுக்கா?

கடைவீட்டுப் பேரன்: வழிவழியாகச் சொல்லி வந்தது பொய்யாகாது. அந்த மரங்களை என் அப்பாவே பார்த்திருக்கிறார்.

பழைய கிராணி: அப்பா பார்த்திருப்பார், சரி. எள்ளுத் தாத்தா பார்த்தாரா? அப்போது இந்தப் பக்கம் கரும்புக்காடு. கலிடோனியாத் தோட்டமும் கரும்புதான். ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்த நம் ஆட்கள் கரும்பு வெட்டினார்கள், ஆலையில் பாகு காய்ச்சினார்கள். கரும்புத் தோட்டத்துக் கடைக்காரர் என்று சொன்னால் கௌரவம் குறைந்துவிடுமா?

ஓய்வு வாத்தியார்: முதலில் முதலாளி என்றால் யார்? கடை வைத்தவரா, வட்டிக்கு விட்டவரா, நிலம் வாங்கியவரா? அதை முடிவு செய்துவிட்டுப் பேசலாமே.

கடைவீட்டுப் பேரன்: வாத்தியார் ஐயா, இது வகுப்பு இல்லை. எங்கள் தாத்தா அந்தக் காலத்துத் தம்புசாமிப் பிள்ளை மாதிரி.

பழைய கிராணி: அடேயப்பா! தம்புசாமிப் பிள்ளை சீன முதலாளி லோக் யூவோடு சேர்ந்து ராவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தியவர், பத்துமலைக் கோயிலுக்கு வழி செய்தவர். அவருக்கு நிகர் மூன்று மாட்டு வண்டியா? அது கிடக்கட்டும். 1885ல் கித்தா எங்கே?

கங்காணி வீட்டுப் பேத்தி: கடன் கொடுத்ததைத் தர்மம் மாதிரி எழுதுகிறார். பற்றுப் புத்தகத்தில் கைநாட்டு வைத்தவர்களுக்குத்தான் தெரியும், ஒரு படி அரிசி எத்தனை படியாக ஏறியது என்று. சம்பள நாளில் பாதிப் பணம் கடை வாசலோடு போய்விடும் என்று எங்கள் பாட்டி சொல்வார்.

கடைவீட்டுப் பேரன்: ஆள் கணக்குக்குத் தலைக்காசு வாங்கித் தின்ற வீட்டிலிருந்து இந்தப் பேச்சா!

கங்காணி வீட்டுப் பேத்தி: திருவிழாக் கணக்கு கேட்டேனே, அந்தக் கடுப்பு இன்னும் போகவில்லை போல.

கடைவீட்டுப் பேரன்: கணக்கெல்லாம் அப்போதே எல்லோரும் பார்க்க ஒட்டியாகிவிட்டது. பந்தலுக்கு ஒரு வெள்ளி தராதவர்கள் பேசக்கூடாது.

பழைய கிராணி: பந்தலை அப்புறம் பிரிக்கலாம். கித்தாவுக்கு ஆதாரம்?

கடைவீட்டுப் பேரன்: தாத்தாவின் கணக்குப் புத்தகம் எங்கள் பீரோவில் இருக்கிறது. முதல் பக்கத்திலேயே கித்தா என்று எழுதியிருக்கிறது.

பழைய கிராணி: வருசம்?

கடைவீட்டுப் பேரன்: அந்த இடத்தைக் கரையான் அரித்துவிட்டது.

பழைய கிராணி: கித்தாவை விட்டுவிட்டு வருசத்தை மட்டும் தின்ற கரையான்! படித்த கரையான்தான்.

ஓய்வு வாத்தியார்: நான் கேட்டது அப்படியே கிடக்கிறது.

கடைவீட்டுப் பேரன்: தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது படம் எடுத்துப் போடுகிறேன். அப்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்கிறீர்கள், பார்ப்போம்.

பழைய கிராணி: போன தீபாவளிக்கும் இதையேதான் சொன்னீர்கள். 1885. கரும்பு.