மறு: ஸ்டிரிஞ்சென்ட் ரெஸ்பான்ஸ் – தமிழில் என்ன சொல்லலாம்?

அண்ணாச்சி, வணக்கம்.

> 'கண்டிப்பு மறுமொழி' போதாதா?

போதாது. ஸ்டிரிஞ்சென்ட் ரெஸ்பான்ஸ் என்பது தட்டுப்பாடு வரும்போது பாக்டீரியா தன் வேலைகளைச் சுருக்கிக்கொள்ளும் விதம். அதற்குப் போய் கண்டிப்பு என்றதும் எனக்குப் பிரம்போடு நிற்கும் வாத்தியார்தான் தெரிகிறார். பாக்டீரியாவுக்குள் யாரும் யாரையும் கண்டிக்கவில்லை.

நடப்பது இதுதான். புரதம் கட்டத் தேவையான அமினோ அமிலத்துக்குத் தட்டுப்பாடு வந்தால், அதைச் சுமந்து வரவேண்டிய கடத்து ஆர்.என்.ஏ. வெறுங்கையோடு, புரதம் செய்யும் ரைபோசோமுக்குள் வந்து நிற்கும். உடனே ரெல்ஏ என்ற நொதி பிபிஜிபிபி என்னும் சிறு மூலக்கூறைச் செய்து தள்ளும். 1969இல் கேஷல், கேலன்ட் என்ற ஆய்வாளர்கள் இந்த மூலக்கூறைக் கண்டு சொன்னார்கள். 'மாயப்புள்ளி' என்று அதற்கொரு செல்லப்பெயரும் உண்டு. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். புது ரைபோசோம் கட்டுவதை அது குறைக்கிறது. டி.என்.ஏ. இரட்டிப்பையும் விட்டுவைப்பதில்லை. ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் இரட்டிப்பின் புதுச் சுற்று தொடங்காது, ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் சுற்று ஓடி முடியும். பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவிலோ ஓடுவதையே மட்டுப்படுத்தும். அங்கே இரட்டிப்புக்குத் தொடக்கத் துண்டு செய்துதரும் பிரைமேஸ் நொதியில் கை வைக்கிறது என்று 2007இல் காட்டினார்கள்.

ஆக, புரதம் செய்யும் இடத்துத் தட்டுப்பாடு நகலெடுக்கும் இடம் வரை எட்டுகிறது.

பாபநாசம் அணையில் தண்ணீர் குறைந்தால் நம் பக்கம் என்ன செய்வோம்? நட்ட வயலைக் கருகாமல் காப்பாற்றுவோம், புதிதாக நாற்றுப் பாவ மாட்டோம். ஈ.கோலை செய்வதும் அச்சு அசலாக அதுதான். அதனால் 'முறைவைப்பு' என்று எழுதலாமென முதலில் நினைத்தேன். அம்பாசமுத்திரத்தில் பயிர் வைக்கும் சித்தப்பாவிடம் சொன்னதும் ஒரே அடியில் சாய்த்துவிட்டார்: "முறைன்னா எல்லாருக்கும் மாறி மாறி கெடைக்கணும்லா? நீ சொல்றதுல ஏது மாத்து? மடையை ஒடுக்குதான், அம்புட்டுதான்."

அவர் சொன்னதே சரி. 'மடையொடுக்கம்' என்று முன்மொழிகிறேன். 'மடையடைப்பு' வேண்டாம், தண்ணீர் முழுக்க நின்றுபோனதாகப் படும்.

நீங்கள் கேட்காத இன்னொன்று. ரெல்ஏ கெட்டுப்போன சடுதிமாற்ற வகை பட்டினியிலும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வைச் செய்துகொண்டே இருக்கும். ஆங்கிலத்தில் அதை 'ரிலாக்ஸ்டு' என்கிறார்கள். 'தளர்ந்த' என்று எழுதினால் சோர்ந்துபோன பாக்டீரியா மாதிரி இருக்கிறது. 'ஒடுங்காமடை வகை' என்றால் ஒத்துவருமா, அண்ணாச்சி?