குழந்தையின் காஷர் மருந்துக்கு கிளெய்ம் மறுப்பு, என்ன செய்ய?

திருமங்கலத்தில் இருந்து எழுதுகிறேன். மகளுக்கு ஆறு வயது, காஷர் நோய் (உடலில் ஒரு என்சைம் குறைவதால் வரும் அரிய பரம்பரை நோய்), இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்சைம் மருந்தை டிரிப்பில் ஏற்றியே ஆகவேண்டும். 24 மணி நேரம் அட்மிட் ஆகவில்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்மை மறுத்துவிட்டார்கள். ராத்திரி தூக்கமே இல்லை.

மேலூர் அப்பா: அக்கா, போனில் பேசியது போதும். பாலிசியில் எந்த விதிப்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அப்புறம், இதை ஏன் ஆஸ்பத்திரியில் கண்காணிப்போடுதான் ஏற்றவேண்டும் என்று டாக்டரிடம் விவரமாகக் கடிதம் வாங்கி, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள். என் மகனுக்கு அந்தக் கடிதம்தான் கைகொடுத்தது.

அண்ணாநகர்: ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) போங்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

உசிலை அம்மா: 2021 தேசிய அரிய நோய்க் கொள்கையில் 50 லட்சம் வரை உதவி உண்டு, திருவனந்தபுரம் எஸ்ஏடி மருத்துவமனை அதற்கான மையங்களில் ஒன்று. அங்கேயும் கேளுங்கள், ஒரு டோஸ்கூடத் தள்ளிப்போகக் கூடாதும்மா.