நெல்தாள் எரிப்புக்கான ‘சுற்றுச்சூழல் இழப்பீடு’ குற்றத் தண்டனையாகுமா?

கேள்வி (சட்ட மாணவி):
அனைவருக்கும் வணக்கம். பஞ்சாப், ஹரியானா மாநிலங்களில் அறுவடைக்குப் பின் நெல்தாளை எரிக்கும் உழவர்களிடம் வசூலிக்கப்படும் சுற்றுச்சூழல் இழப்பீட்டைப் பற்றி இறுதியாண்டுக் கட்டுரை எழுதுகிறேன். 2024 நவம்பரில் இத்தொகை இருமடங்காக்கப்பட்டு, இரண்டு ஏக்கருக்குக் குறைவாக நிலம் உடையவருக்கு 5,000 ரூபாய், ஐந்து ஏக்கர் வரை 10,000 ரூபாய், அதற்கு மேல் 30,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. இதைச் செலுத்துபவர் சட்டத்தின் பார்வையில் குற்றவாளியா? இல்லையெனில், அதே செயலுக்குக் காவல் நிலையத்தில் வழக்குகள் பதிவாவது ஏன்?

பதில் (வழக்குரைஞர்):
இழப்பீடு செலுத்துவதால் மட்டும் ஒருவர் குற்றவாளி ஆவதில்லை. தலைநகர் வட்டாரக் காற்றுத் தர மேலாண்மை ஆணையத்துக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, ஆணையத்தின் உத்தரவை மீறுவோருக்கு ஐந்தாண்டு வரை சிறையோ ஒரு கோடி ரூபாய் வரை அபராதமோ விதிக்க இடமளிக்கிறது. ஆனால் தாள் எரிக்கும் உழவருக்கு அப்பிரிவு பொருந்தாது என்று அச்சட்டமே விலக்களித்து, அவரிடம் இழப்பீடு மட்டும் பெறுவதற்கு 15ஆவது பிரிவில் தனியே வழி செய்திருக்கிறது. 2020ஆம் ஆண்டு அவசரச் சட்டத்தில் இந்த விலக்கு இல்லை. உழவர் போராட்டத்தின் கோரிக்கைகளில் ஒன்றாக எழுந்து, அதன் பிறகே இது சட்டத்தில் இடம்பெற்றது.

காவல் நிலைய வழக்குகள் வேறு வழியில் வருகின்றன. எரிக்கக் கூடாது என்று மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கும் தடையுத்தரவை மீறினால், அது பொது ஊழியரின் உத்தரவுக்குக் கீழ்ப்படியாமை என்னும் குற்றமாகி, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 223ஆவது பிரிவுக்குள் வருகிறது. அக்குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க, உரிய பொது ஊழியரின் எழுத்துப்பூர்வமான புகார் வேண்டும் என்பதை உங்கள் கட்டுரையில் தவறாமல் குறிப்பிடுங்கள். சட்டம் முன்வாசலில் அளித்த விலக்கை நிர்வாகம் பின்வாசல் வழியே பறிப்பதாகவே இதை நான் கருதுகிறேன்.

பதில் (வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்):
‘இழப்பீடு’ என்ற பெயருக்கும் அதன் கணக்குக்கும் பொருத்தமில்லை என்பதையும் ஆராயுங்கள். எவ்வளவு பரப்பு எரிந்தது என்பதைக் கொண்டல்லாமல், உழவர் வைத்திருக்கும் மொத்த நிலத்தைக் கொண்டே தொகை முடிவாகிறது. பத்து ஏக்கர் வைத்திருப்பவர் ஓர் ஏக்கரை எரித்தாலும் 30,000 ரூபாய்தான். 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2,500, 5,000, 15,000 என்று முதலில் வகுத்தபோதே அளவுகோல் இப்படித்தான் இருந்தது.

இன்னொரு சிக்கல், எரித்தவர் யார் என்பது. செயற்கைக்கோள் காட்டுவது தீப்புள்ளியைத்தான். அதைப் புல எண்ணோடு பொருத்தினால் கிடைப்பது நில உரிமையாளரின் பெயர். குத்தகைக்குப் பயிரிட்டவர் வைத்த தீக்கு உரிமையாளரின் ஆவணத்தில், தாளை எரித்தவர் என்று குறிக்கும் ‘சிவப்புப் பதிவு’ ஏறிவிடக் கூடும். ஹரியானாவில் அப்பதிவு உள்ளவர் இரண்டு பருவங்களுக்கு மண்டியில் விளைபொருளை விற்க முடியாது என்று 2024இல் அறிவிக்கப்பட்டதால், பல விவசாயிகளுக்கு இழப்பீட்டுத் தொகையைவிட இதுவே பேரிழப்பு. நேரில் புலத்தணிக்கை செய்து, உரியவருக்கு அறிவிப்பு அனுப்பி, அவர் சொல்வதைக் கேட்ட பிறகே தொகை விதிக்கப்பட வேண்டும்.

பதில் (வேளாண் பட்டதாரி):
பஞ்சாபின் 2009ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள். ஜூன் 10ஆம் தேதிக்கு முன் நெல் நாற்று நட்டால், எக்டேருக்கு மாதம் 10,000 ரூபாய் தண்டத்தோடு, நட்ட பயிரை உழவர் செலவிலேயே அழிக்கவும் அச்சட்டம் வகை செய்தது. நிலத்தடி நீர் வேகமாக இறங்கிய பகுதிக்கு அது தேவையான சட்டம்தான். ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போய், கோதுமை விதைப்புக்கு முன் நிலத்தைச் சீர்செய்ய உழவருக்குச் சில வாரங்களே மிஞ்சின. ஒரு விதிக்குக் கீழ்ப்படிந்தவர் இன்னொரு விதியை மீறும் நெருக்கடிக்கு உள்ளாகிறார். தாளை அகற்றாமலேயே விதைக்கும் ‘ஹேப்பி சீடர்’ கருவிக்குத் தனி உழவருக்கு 50 விழுக்காடு மானியம் உண்டு. இருப்பினும் அந்தச் சில வாரங்களில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கருவி தேவைப்படுகிறது. வாடகைக்குக் கேட்டும் கருவி கிடைக்காதவரிடமும் அதே தொகையை வசூலிப்பது நியாயமில்லை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் நிலை இப்போது என்ன?

பதில் (வழக்குரைஞர்):
பல சட்டங்களில் சிறைத் தண்டனையை நீக்கித் தண்டத் தொகையைக் கொண்டுவந்த ஜன் விஸ்வாஸ் சட்டம் அதில் செய்த திருத்தம் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவில் முன்பிருந்த ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை நீங்கி, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரையான தண்டத் தொகை வந்துள்ளது. அதை விதிப்பவர் நீதிபதி அல்லர். அரசு நியமிக்கும் தீர்வு அலுவலர். அவருடைய ஆணையை எதிர்த்து 60 நாள்களுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம்.